டேபிள்டாப் ஆர்பிஜி-யில் மந்திரத்துக்குச் சொந்த விதி போட்டால் கணக்கு எங்கே உதைக்கும்?

நீங்கள் கேட்டது இது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கதாபாத்திரமாக மாறிப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆடும் நான்கு பேர் குழு, எல்லோரும் 5-ஆம் லெவல். ஒவ்வொரு லெவல் மந்திரத்தையும் இத்தனை முறைதான் போடலாம் என்று எண்ணி வைக்கும் ஸ்பெல் ஸ்லாட் முறை சலித்துவிட்டது (மந்திரத்தின் லெவல் வேறு, ஆட்டக்காரரின் லெவல் வேறு). வீடியோ கேமின் மானா போலப் புள்ளி வைக்கலாமா, அல்லது பகடை உருட்டி மந்திரம் போடும் முறைக்கு மாறலாமா? எதற்கு மாறினாலும் மந்திரவாதியான விசார்ட் ஒருவரே ஆட்டத்தை விழுங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டுமே செய்யலாம். ஆனால் விதியில் கை வைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆட்டத்தில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (ஸ்லாட்டெல்லாம் திரும்பும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவில் எத்தனை சண்டை வருகிறது? மந்திரத்தின் உண்மையான விலை அங்கேதான் நிர்ணயமாகிறது. ஐந்தாம் பதிப்பு முதலில் வந்த 2014-இன் விதிகள் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகள், நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) என்று வைத்துக் கணக்குப் போட்டவை. பல குழுக்கள் ஒரு நாளில் இரண்டு சண்டையோடு படுத்துவிடுகின்றன. உங்கள் குழுவும் அப்படித்தான் என்றால் சிக்கலின் பாதி அதிலேயே இருக்கிறது.

எண்ணாகவே பார்ப்போம். 5-ஆம் லெவல் ஃபைட்டர் (வாள் வீரர்) ஒரு சுற்றில் இரண்டு முறை வெட்டுகிறார். ஒரு வெட்டுக்கு 1டி8 (எட்டுப் பக்கப் பகடை ஒன்று), கூட 6 என்றால் சராசரி 10.5. நூற்றுக்கு 65 முறை படுகிறது என்று வைத்தால் சுற்றுக்குச் சுமார் 13.65. விசார்டின் ஃபயர்பால், பலரை ஒரே நேரத்தில் சுடும் 3-ஆம் லெவல் மந்திரம், 8டி6, சராசரி 28. எதிரிகளில் பாதிப் பேர் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) செய்து பாதி அடி வாங்குகிறார்கள் என்றால் ஆளுக்கு 21. நான்கு பேர் வட்டத்துக்குள் சிக்கினால் 84. விசார்டிடம் 3-ஆம் லெவல் ஸ்லாட் இரண்டு, ஆக 168. இருபது சுற்றுகள் ஓடும் நாளில் ஃபைட்டர் 273 சேர்த்துவிடுவார், யாருக்கும் குறையில்லை. ஏழு சுற்றில் முடியும் நாளில் அவர் கணக்கு 96-ஐத் தாண்டாது. விசார்டின் இரண்டு ஃபயர்பால் மட்டுமே அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. இந்த இரண்டாவது நாள்தான் உங்கள் வழக்கமென்றால், ஃபயர்பாலைக் குறைப்பதை விட லாங் ரெஸ்ட்டைத் தள்ளிப்போடுவது நல்லது.

தள்ளிப்போட இரண்டு வழி. ஒன்று, ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள் என்று 2014 விதிப்புத்தகமே தரும் மாற்று. இதை எடுத்தால் மந்திரங்களின் கால அளவு இடிக்கும். மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் 8 மணி நேரம் நிற்கும்; பழைய முறையில் ஒரு ஸ்லாட் ஒரு நாள் முழுவதையும் காத்தது, புதிய முறையில் வாரத்துக்கு ஒரு டஜன் வேண்டும். அதனால் 8 மணி நேர மந்திரங்கள் அடுத்த இரண்டு ஷார்ட் ரெஸ்ட் முடியும் வரை நிற்கும் என்று கூடவே எழுதிவிடுங்கள். இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: ஊர், கோட்டை, கோயில் போன்ற காவலுள்ள இடத்தில் தூங்கினால்தான் லாங் ரெஸ்ட், காட்டிலும் குகையிலும் தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட். மற்ற எதையும் திருத்த வேண்டியதில்லை. ஆடும் அமர்வு முடிந்தால் கதைக்குள்ளும் நாள் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. மீதமுள்ள ஸ்லாட்டைத் தாளில் குறித்து வைத்து அடுத்த வாரம் அங்கிருந்தே தொடரலாம்.

எந்த வழியானாலும் ஷார்ட் ரெஸ்ட்டை நெருக்கிவிடாதீர்கள். ஷார்ட் ரெஸ்ட்டிலேயே ஸ்லாட் திரும்பும் மந்திரவாதியான வார்லாக்கின் பிழைப்பு அதில்தான். 5-ஆம் லெவலில் இரண்டே ஸ்லாட், இரண்டும் 3-ஆம் லெவல். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் நாளுக்கு ஆறு மந்திரம், கிடைக்காவிட்டால் இரண்டு. விசார்டை அடக்கப் போட்ட விதி வார்லாக்கின் கழுத்தை நெரிப்பது அடிக்கடி நடக்கிறது.

இனி புள்ளி முறை. இதுவும் 2014 விதிப்புத்தகத்தில் மாற்றாகவே உண்டு: 1-ஆம் லெவல் மந்திரத்துக்கு 2 புள்ளி, 2-க்கு 3, 3-க்கு 5, 4-க்கு 6, 5-க்கு 7. 5-ஆம் லெவல் விசார்டுக்கு 27 புள்ளி. எங்கிருந்து வந்தது 27? அவருடைய ஸ்லாட்டுகள் 4, 3, 2. நான்கு இரண்டு 8, மூன்று மூன்று 9, இரண்டு ஐந்து 10. கூட்டினால் 27, வரவில் துளியும் மாற்றமில்லை. கோளாறு செலவில். ஸ்லாட் முறையில் ஃபயர்பால் இரண்டுதான். புள்ளியில் ஐந்து போட்டு 2 புள்ளி மிச்சமும் வைக்கலாம். 9-ஆம் லெவலில் 57 புள்ளி. 5-ஆம் லெவல் ஸ்லாட் ஒன்று இருந்த இடத்தில் அதே லெவல் மந்திரம் எட்டு முறை. 6-ஆம் லெவலும் அதற்கு மேலும் உள்ள மந்திரங்களை லெவலுக்கு ஒரு முறை என்று புத்தகம் கட்டிப்போட்டிருக்கிறது, ஆனால் உங்கள் குழு அங்கு போய்ச் சேர வெகுகாலம் ஆகும். கீழ்ப் பக்கமும் ஒழுகுகிறது: ஷீல்ட் மந்திரம் 2 புள்ளி, ஏசி-க்கு (அடி படாமல் காக்கும் எண்) 5 கூடும். இருக்கும் ஸ்லாட்டையெல்லாம் கொட்டினாலும் ஒன்பது முறை, புள்ளியிலோ பதின்மூன்று.

இதை அடைக்க ஏறுவிலை வையுங்கள். 3-ஆம் லெவலும் அதற்கு மேலும் உள்ள மந்திரங்களில், ஒரே லெவல் மந்திரத்தை மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் விலை 2 கூடும். லாங் ரெஸ்ட்டில் பழைய விலைக்குத் திரும்பும். முதல் ஃபயர்பால் 5, அடுத்தது 7, மூன்றாவது 9, மொத்தம் 21. நான்காவதுக்கு 11 வேண்டும், கையில் இருப்பது 6. அந்த 6-ஐ மூன்று சின்ன மந்திரங்களாகச் செலவழிக்கலாம். ஐந்து மூன்றாகிவிட்டது, ‘எதை வேண்டுமானாலும் எப்போதும் போடலாம்’ என்ற சுகமும் போகவில்லை. விலை ஏறுவது மந்திரத்தின் லெவலுக்கே, பெயருக்கல்ல என்பதை அழுத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஃபயர்பால், லைட்னிங் போல்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டு விதியைத் தாண்டிவிடுவார்கள். 9-ஆம் லெவலில் 2-க்குப் பதில் 3 கூட்டினால் எட்டு நான்கில் நிற்கும்.

குழுவில் சார்சரர் என்ற மந்திரவாதி வகை இருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். ஸ்லாட்டை உருக்கிப் புள்ளியாக்குவதும் புள்ளியைக் கொண்டு ஸ்லாட் செய்வதும் அவருக்கென்றே உள்ள திறமை. ஸ்லாட் செய்ய அவர் கொடுக்கும் விலையும் இதே 2, 3, 5, 6, 7 வரிசைதான். எல்லோருக்கும் புள்ளி கொடுத்தால் அவருடைய தனிச்சிறப்பை ஊருக்கே பங்கு வைத்ததாகிவிடும். அவருக்கு மட்டும் ஏறுவிலை கிடையாது என்று சலுகை கொடுத்தால் சரியாகப் பொருந்தும்.

பகடை முறையில் மந்திரத்துக்குச் செலவே இல்லை. டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டி, மந்திரத் தாக்குதலுக்குச் சேர்க்கும் எண்ணைக் கூட்டி, 10-உம் மந்திர லெவலின் இரு மடங்கும் சேர்ந்த எண்ணை எட்ட வேண்டும். தவறினால் அந்த மந்திரம் அடுத்த லாங் ரெஸ்ட் வரை போச்சு. 5-ஆம் லெவலில் கூட்டும் எண் வழக்கமாக 7. முதல் லெவல் மந்திரத்துக்கு இலக்கு 12, வெற்றி 80 சதவீதம். தவறுவதற்கு முன் சராசரியாக 4 முறை போடலாம். 3-ஆம் லெவலுக்கு இலக்கு 16, வெற்றி 60 சதவீதம், சராசரி 1.5 முறை. ஸ்லாட் அட்டவணையின் 4, 2 இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமம், அதனால்தான் இந்தச் சூத்திரத்தைச் சொல்கிறேன். ஆனால் கவனியுங்கள், அது ஒரு மந்திரத்துக்கான கணக்கு. 3-ஆம் லெவலில் மூன்று மந்திரம் தயாரித்து வைத்தவருக்கு 1.5 மூன்று மடங்காகி 4.5 ஆகும். ஆகவே தவறினால் அந்த லெவல் முழுவதும் பூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு வலியும் உண்டு: முதல் உருட்டலிலேயே ஃபயர்பாலை இழக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. அதைத் தாங்காத ஆட்டக்காரர் இருந்தால், முதல் தவறுக்கு மந்திரம் நடக்காது ஆனால் பூட்டாது, இரண்டாவது தவறில் பூட்டும் என்று வைத்து, இலக்கை 3 கூட்டுங்கள்.

இந்த முறையோடு ‘1 விழுந்தால் விபரீதம்’ என்ற அட்டவணையை ஆசையாகச் சேர்ப்பார்கள். மந்திரத்துக்கு வைத்தால் வையுங்கள், வாளுக்கு வைக்காதீர்கள். 11-ஆம் லெவல் ஃபைட்டர் சுற்றுக்கு மூன்று முறை உருட்டுகிறார். அதில் ஒன்றாவது 1 ஆக விழ 14 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. ஃபயர்பாலுக்குத் தாக்குதல் உருட்டலே கிடையாது. கைதேர்ந்த வீரர்தான் அதிகம் வழுக்கி விழுவார் என்பது எந்தக் கதைக்கும் பொருந்தாது.

ரத்தம் கொடுத்து மந்திரம் போடும் விதி பார்க்க அழகு, ஆனால் ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளி) விலையாக வைத்தால் ஓட்டைதான். க்ளெரிக் 1-ஆம் லெவல் ஸ்லாட்டில் குணப்படுத்துகிறார், விசார்ட் அந்த ரத்தத்தை 3-ஆம் லெவல் மந்திரமாக மாற்றுகிறார். சில்லறையைக் கொடுத்துப் பெரிய நோட்டு வாங்குகிற வியாபாரம். ஹிட் டைஸை (ஷார்ட் ரெஸ்ட்டில் உருட்டி உயிரை மீட்கும் பகடைகள்) விலையாக வையுங்கள்: 3-ஆம் லெவல் மந்திரத்துக்கு மூன்று. 2014 விதியில் லாங் ரெஸ்ட்டில் மொத்த ஹிட் டைஸில் பாதிதான் திரும்பும், 5-ஆம் லெவலில் இரண்டு. முதல் நாள் ஒரு ஃபயர்பால் கூடுதலாகக் கிடைக்கும், மறுநாள் கை கடிக்கும். 2024-இல் திருத்தி வந்த விதியில் எல்லா ஹிட் டைஸும் திரும்பிவிடுவதால், பாதிதான் திரும்பும் என்று நீங்களே எழுத வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தைத்தான் கவனம் வைத்துப் பிடித்திருக்கலாம், அடி வாங்கினால் சேவ் செய்ய வேண்டும் என்ற கான்சென்ட்ரேஷன் விதியை மட்டும் நீக்காதீர்கள், ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதிக்குப் போட்ட மூக்கணாங்கயிறு அது. இரண்டு மந்திரம் பிடித்துக்கொள்ள அனுமதிக்க ஆசையா? அடி வாங்கினால் சேவ் இலக்கு 5 கூட வேண்டும், தவறினால் இரண்டும் அறுந்துபோக வேண்டும். கூட்டும் எண் 2 உள்ள விசார்டுக்கு இலக்கு 10 இருந்தபோது 65 சதவீதம் பிடிக்கும். 15 ஆனால் 40.

புது மந்திரம் எழுதுவதையும் கிட்டப் போய்ப் பார்ப்போம், குழு தானாகவே அங்கு வந்து நிற்கும். ‘முள்வலை’ என்று ஒருவர் கொண்டுவருகிறார்: 2-ஆம் லெவல், 20 அடிச் சதுரம், ஸ்ட்ரெங்த் சேவ், 4டி6 அடி, ஒரு நிமிடம் கட்டுண்டு நிற்பார்கள், கான்சென்ட்ரேஷன் வேண்டாம். புத்தகத்தின் சேத அட்டவணைப்படி 2-ஆம் லெவலில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு 4டி6-தான் முழு பட்ஜெட், அடியிலேயே அது தீர்ந்தது. கட்டுவதற்கு என்டாங்கிள் என்ற 1-ஆம் லெவல் மந்திரம் இருக்கிறது. அதே 20 அடி, அதே சேவ், ஆனால் அடி கிடையாது, கான்சென்ட்ரேஷன் உண்டு. ஆக முள்வலை இரண்டு மந்திரங்களை ஒட்டி ஒன்றின் விலைக்கு விற்கிறது, கயிற்றையும் அவிழ்த்துவிட்டு. திருத்தம்: சேவ் தவறியவருக்கு 2டி6, சேவ் செய்தவருக்கு ஒன்றுமில்லை, கான்சென்ட்ரேஷன் உண்டு, ஒரு ஆக்‌ஷன் செலவழித்து அறுத்துக்கொள்ளலாம். அளவுகோலாக ஃபயர்பாலை ஒருபோதும் வைக்காதீர்கள். அட்டவணை 3-ஆம் லெவலுக்குச் சொல்வது 6டி6. ஃபயர்பாலின் 8டி6 என்பது 5-ஆம் லெவலின் எண். அதைப் பார்த்து எழுதும் மந்திரமெல்லாம் இரண்டு லெவல் கனமாகத்தான் வரும்.

கடைசியாக, எதிரிகள். இங்கேதான் நிறையச் சொந்த விதிகள் குழுவையே கொன்றுபோடுகின்றன. நாள் முழுவதும் சிக்கனம் பார்க்க வேண்டியவர் ஆட்டக்காரர். எதிரி மந்திரவாதி உயிரோடு இருப்பதே மூன்று நான்கு சுற்று, அவருக்கு நாளைய கவலை கிடையாது. 2014 அரக்கர் நூலின் மேஜ் 9-ஆம் லெவல் மந்திரவாதி, 5-ஆம் லெவல் ஸ்லாட் ஒன்றில் ஒரு கோன் ஆஃப் கோல்ட்: 8டி8, சராசரி 36. அவருக்கும் 57 புள்ளி கொடுத்தால் மூன்று சுற்றில் மூன்று கோன், சேவ் தவறியவருக்கு 108. உங்கள் 5-ஆம் லெவல் குழுவில் யாரும் தாங்க மாட்டார்கள். எதிரிகளுக்குப் பழைய ஸ்லாட்டே இருக்கட்டும். ‘எங்களுக்கு ஒரு விதி, அவனுக்கு ஒரு விதியா’ என்று கேட்டால் இந்த எண்ணைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

விதியை எழுதும்போது ஐந்து விஷயம் தாளில் வர வேண்டும்: யாருக்கு, எப்போது, என்ன விலை, தவறினால் என்ன, எப்போது திரும்பும். ஏதாவது ஒன்று விடுபட்டால் சண்டை நடுவே வாக்குவாதம் அதைப் பற்றியே வரும். மூன்று அமர்வுக்கு மட்டும் என்று சொல்லி ஆரம்பியுங்கள். விதி கைவிடப்பட்டால் அதை நம்பித் தேர்ந்தெடுத்த மந்திரங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதியும் கொடுங்கள். ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டின்போதும் விசார்டிடம் எத்தனை புள்ளி மிச்சம் என்று குறித்து வாருங்கள். தொடர்ந்து 10-க்கு மேல் மிஞ்சினால் நடுவில் இன்னொரு சண்டை போடுங்கள். இரண்டாவது சண்டையிலேயே கை காலியானால் ஏறுவிலையை 2-இலிருந்து 1-க்கு இறக்கிப் பாருங்கள்.