செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு, போதாக்குறைக்கு வெயில்

கேள்வி: மாடியில் தொட்டிகளில் செம்பருத்தி வைத்திருக்கிறேன். கோடை தொடங்கியதும் தளிர் நுனியில் வெள்ளைப் பஞ்சு அப்பி, மொட்டெல்லாம் உதிர்கிறது. கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தேன். பஞ்சு போகவில்லை, இலைதான் கருகியது. என்ன செய்வது?

பதில்: பஞ்சுக்குள் இருப்பது மாவுப்பூச்சி. இலையைக் கருக்கியது அநேகமாக மருந்துதான். 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும்போது எண்ணெயோ சோப்போ கலந்து தெளித்தால் இலை வெந்துபோகும். பொழுது சாயட்டும்.

அந்தப் பஞ்சு உண்மையில் மெழுகு. மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். அதனால் முதல் வேலை கத்தரிக்கோலுக்கு. அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். தொட்டியடியில் போட்டால் திரும்ப ஏறி வரும். மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையச் சில சொட்டு திரவ சோப்பு. இலையின் அடிப்பக்கமும் கணுவும் நனைய வேண்டும். முட்டை தப்பிவிடும், ஆகவே வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

சரி, அந்தக் கடை மருந்து. பாட்டிலில் மருந்தின் பெயர், அளவு, எந்தப் பூச்சிக்கு என்று ஏதாவது இருந்ததா? 'எல்லாப் பூச்சிக்கும் இது ஒன்றே போதும்' என்று பெயரில்லாத பாட்டிலை நீட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். விஷத்தைச் சில்லறையாக ஊற்றி விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. லேபிள் உள்ளதிலும் எழுத்தைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும்! பலரும் எடுத்துக் கொடுக்கும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து செடியின் சாறோடு ஏறி, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். தேனீக்கு ஆபத்து என்றுதான் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. கோடையில் பெருகும் செஞ்சிலந்திக்கு எட்டுக் கால். அது பூச்சியே இல்லை, இந்த மருந்துக்கு அசையாது.

ஒன்றே ஒன்றை மட்டும் கொல்லாதீர்கள். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை, ஆனால் மூன்று நான்கு மடங்கு நீளம், குஞ்சம் குஞ்சமாக மெழுகு, விறுவிறுவென்று நடக்கும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1891-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு இதற்காகவே கொண்டுபோன வண்டு அது. குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மெல்ல ஊரும்; இது ஓடும். ஓடினால் அந்தக் கிளையில் எதையும் தெளிக்காதீர்கள். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து இதைத் தேடித் தேடி நசுக்கியவர்கள் எத்தனையோ பேர்.

மொட்டு உதிர்வதற்கு வெயிலும் காரணம். நடுப்பகலில் இலை தொங்கியதும் வாளியைத் தூக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் இலை தானாக நிமிரும். மேலும் ஊற்றினால் வேர் அழுகும். தண்ணீர் காலையில், தொட்டியடியில் வழியும்வரை. மண்மேல் காய்ந்த சருகு, தலைக்குமேல் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை. செடி வாடுகிறதே என்று உரம் போடாதீர்கள், யூரியா வேண்டவே வேண்டாம். அதில் கிளம்பும் இளந்தளிரைத்தான் மாவுப்பூச்சி முதலில் பிடிக்கும்.