அட்டைப் பெட்டிக் கணக்கில் மகளுக்குப் பூஜ்ஜியம்: தப்பு எங்கே?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள அட்டையின் நான்கு மூலைகளிலும் எக்ஸ் செ.மீ. பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்து மூடியில்லாப் பெட்டி செய்தால் கன அளவு என்ன என்று தேர்வில் வந்தது. டியூஷனில் சொல்லிக்கொடுத்த ஷார்ட்கட்டில் போட்டாள், பூஜ்ஜியம். கைடில் வேறு விடை இருக்கிறது. எது சரி? 'அல்ஜீப்ரா ஸ்பெஷல் பேட்ச்' என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள், சேர்க்கலாமா?

பதில்: அம்மா, கைடில் இருப்பதுதான் சரி. அதற்காகக் கைடை நம்பிவிடாதீர்கள். அதில் விடை இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பது இருக்காது.

பாடநூலில் எக்ஸ் என்று வருவதை இங்கே 'ப' என்று எழுதுகிறேன். வெட்டியெடுக்கும் சதுரத்தின் பக்கம்தான் ப. வீட்டில் பழைய காலண்டர் அட்டை இருந்தால் மகளையே மூலைகளை வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதும் நீளவாட்டு ஓரத்தைப் பார்த்தால் இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு இருக்கும். 30-இல் இரண்டு ப போய்விட்டது. ஆகவே அடிப்பாகத்தின் நீளம் 30 − 2ப. அகலமும் அப்படியே, 20 − 2ப. நிமிர்த்திய ஓரம் உயரம், அது ப.

இனிப் பெருக்க வேண்டியதுதான். முதலில் நீளத்தையும் அகலத்தையும் எடுத்துக்கொள்வோம். 30-ஆல் 20-ஐயும் −2ப-வையும் பெருக்கினால் 600, −60ப. அடுத்து −2ப-வால் அதே இரண்டையும் பெருக்கினால் −40ப, +4ப². கடைசியில் வரும் அந்தக் கூட்டல் குறியில்தான் பாதிப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். சேர்த்தால் 600 − 100ப + 4ப². இதை உயரமான ப-வால் பெருக்கினால்:

கன அளவு = 4ப³ − 100ப² + 600ப

உங்கள் மகள் எழுதியது ப³ − 50ப² + 600ப என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கில் டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். (ப + அ), (ப + ஆ), (ப + இ) என்று இரண்டிரண்டு உறுப்புள்ள மூன்று ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கப் பாடத்தில் ஒரு முற்றொருமை, அதாவது சூத்திரம், இருக்கிறது: அ, ஆ, இ என்ற மூன்று எண்களைக் கூட்டு, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டு, மூன்றையும் பெருக்கு. அருமையான முற்றொருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றிலும் ப-வின் கெழு, அதாவது ப-வுக்கு முன்னால் நிற்கும் எண், 1 ஆக இருந்தால்தான் அது நேராகப் பொருந்தும். இங்கே −2 இருக்கிறது. அதை முதலில் வெளியே எடுக்காமல் 0, −30, −20 என்று எண்களைப் போட்டு அடித்தால் மேலே சொன்ன தப்பு விடை அச்சு அசலாக வரும். டியூஷன்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் ஷார்ட்கட் நீளமாகிவிடும், விற்காது!

சரிபார்க்க ஒரே வழி, ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது. 5 செ.மீ. வெட்டினால் பெட்டி 20, 10, 5. கன அளவு 1000 கன செ.மீ., சரியாக ஒரு லிட்டர். சரியான கோவையில் 5 போட்டால் 500 − 2500 + 3000, அதே 1000. மகளின் கோவையில் 1875 வரும். அரை நிமிட வேலை. ஆனால் எந்த வகுப்பில் இதைச் செய்யவிடுகிறார்கள்? பாடத்தை முடி, டெஸ்ட் வை, மார்க்கை ஏற்று. ஆசிரியரைச் சொல்லியும் பயனில்லை, அவருக்குப் பாதி நாள் பதிவேடு நிரப்புவதிலேயே போகிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கைடுகளில் இது அநேகமாக இருக்காது. ப-வுக்கு எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. 10 செ.மீ. வெட்டினால் 20 செ.மீ. அகலம் முழுக்கப் போய்விடும், கன அளவு 0. 12 போட்டால் −288 வரும். எதிர்மறையில் கன அளவு கிடையாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வில்லங்கம் 20-இல்தான். அப்போது நீளம் −10, அகலம் −20. இரண்டு கழித்தல் குறிகளும் சேர்ந்து கூட்டலாகி, கன அளவு 4000 என்று வரும். பார்க்க அழகான விடை, பெட்டிதான் இல்லை. 20 செ.மீ. அகல அட்டையில், ஒரே பக்கத்தின் இரு முனையிலும் 20 செ.மீ. சதுரம் எப்படி வெட்டுவது? ஆகவே ப பூஜ்ஜியத்துக்கு மேல், 10-க்குக் கீழ். விடைக்குப் பக்கத்தில் இதை எழுதும் பிள்ளைக்குக் கணக்கு புரிந்திருக்கிறது என்று அர்த்தம். படம் பிடித்தால் விடை சொல்லும் ஆப்களை நம்பினாலும் இதே கதிதான். கோவையை மட்டும் கொடுத்தால் ஆப் பெருக்கித் தரும், அட்டை எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது.

எவ்வளவு வெட்டினால் பெட்டி மிகப் பெரியதாக வரும் என்று மகள் கேட்டால், முழு எண்களில் 4 செ.மீ.; அப்போது 1056. துல்லியமாகக் கண்டுபிடிக்க நுண்கணிதம் வேண்டும், அது மேல்வகுப்பில் வரும்.

ஸ்பெஷல் பேட்ச் வேண்டாம். தப்பான ஷார்ட்கட்டைக் கொடுத்தவர்களிடமே அதைச் சரிசெய்ய இன்னொரு கட்டணம் கட்டுவானேன்? பெருக்கலில் மகள் தடுமாறவில்லை, 2ப என்று எழுத வேண்டிய இடத்தில் ப என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். உயரம் ப என்று தனியாக எழுதியிருந்தாலோ, பெருக்கலைப் படிப்படியாகப் போட்டிருந்தாலோ, வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய் ஸ்டெப் மார்க் கேளுங்கள். வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தால் கேட்க வழியில்லை.