வெள்ளைத் தாளில் வெள்ளை நாய்

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் இருக்கிறான், பெயர் வீரா. அவனை அச்சு அசலாகப் பென்சிலில் வரைய மூன்று மாதமாக முட்டி மோதுகிறேன். முடியை ஒவ்வொன்றாகக் கோடு போட்டால் சாம்பல் நிற நாய் ஆகிவிடுகிறது, போடாமல் விட்டால் நாயையே காணோம். அம்மா பார்த்துவிட்டு "ஆட்டுக்குட்டி நல்லா இருக்கு" என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, நான் முதலில் வரைந்த ராஜபாளையத்தைப் பார்த்து எங்கள் தெருப் பையன் "முயலா?" என்று கேட்டான்.

கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் கரட்டைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் மண்ணும் பாறையும் பழுப்பாக இருப்பதால்தான் அந்த வெள்ளை தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கிறது. வீராவுக்கும் அதே கணக்குதான். பாதி வேலை அவன் உடம்புக்கு வெளியே நடக்க வேண்டும். வெளிச்சம் விழும் பக்கத்தில் அவனுக்குப் பின்னால் கறுப்பாக விழும் மென்மையான 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், நாலைந்து தடவை மேலே மேலே தேய்த்து இருட்டாக்குங்கள். நிழல் பக்கத்தில் பின்னணியை அப்படியே வெளுப்பாக விட்டுவிட்டு, தாடைக்கு அடியிலும் காது மடலுக்குக் கீழேயும் கழுத்திலும் வெளுப்பாக விழும் கெட்டியான 2எச் பென்சிலில் லேசாக நிழல் கொடுங்கள். முடிக்கோடு அந்த நிழலிலும் ஓரங்களிலும் மட்டும் போதும். முடி மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறி, கன்னத்தில் பின்பக்கம் திரும்பும். கோடும் அப்படியே திரும்ப வேண்டும். மீசைக்கு ஒரு தந்திரம் இருக்கிறது: மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முதலிலேயே தாளில் பள்ளமாகக் கோடு இழுத்துவிட்டு, அப்புறம் மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பள்ளத்தில் கரி ஏறாது, மீசை வெள்ளையாக நிற்கும்.

மூக்கில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாய் என்றாலே கறுப்பு மூக்கு என்று கை பழகிப்போய், இன்னும் கறுப்பான 6பி-யை எடுத்து அப்பிவிடுகிறோம். ராஜபாளையத்துக்கு அடையாளமே இளஞ்சிவப்பு மூக்குதானே! 2005-ல் தபால் துறை நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டபோது இடம் பிடித்த நாலு இனங்களில் ஒன்று, அதற்குக் கரி மூக்கு வைத்தால் வேறு நாய் ஆகிவிடும். எச்பி-யில் நடுத்தரச் சாம்பல் போதும், நாசித் துளையை மட்டும் கறுப்பாக்குங்கள். கண்ணும் தேன் நிறம்தான், முழுக்கக் கறுக்க வேண்டாம். மேல் இமையின் நிழல் விழியின் மேல்பாதியில் விழும், அதை விட்டுவிட்டால் கண் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். மனிதக் கண்ணைப் போல இரண்டு பக்கமும் வெள்ளை காட்டினால் வீரா பட்டாசுக்குப் பயந்தவன் போல முழிப்பான்.

போனை மூஞ்சிக்குப் பக்கத்தில் நீட்டி எடுத்த படத்தைப் பார்த்துத்தானே வரைகிறீர்கள்? அதில் மூக்கு பெருத்து, காது சுருங்கித்தான் விழும். இரண்டு மீட்டர் தள்ளி, தரையில் உட்கார்ந்து, ஜூம் செய்து எடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழட்டும், ஃப்ளாஷ் வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் மழை மாதங்களில் தாள் நமத்துப்போகிறது, அழித்தால் நார் நாராக வருகிறது. முடித்த படத்துக்கு ஹேர் ஸ்பிரே அடிக்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: மூடுபனிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வரையவே வேண்டாம் அம்மா, ஆசையாகத்தான் இருக்கும். தாளைப் பாலிதீன் உறையில் போட்டு பீரோவுக்குள் வையுங்கள், வரையும் நேரத்துக்கு மட்டும் எடுங்கள். சாதாரண ரப்பரால் தேய்க்காமல், பிசைகிற ரப்பரை ஒற்றி ஒற்றி எடுத்தால் நார் கிளம்பாது. கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். ஹேர் ஸ்பிரே நாளாக நாளாக மஞ்சளடிக்கும், வெள்ளை நாய்க்கு அது ஆகாது. ஓவியக் கடையில் கிடைக்கும், பென்சில் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை வெயில் அடிக்கிற ஒரு நாளில் வாசலில் வைத்து அடியுங்கள்.