சின்ன ஊர் பேக்கரிகளை ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்துவது ஏன்?

பெரிய காரணம் அடுப்புதான் என்பேன். பழைய செங்கல் அடுப்பில் விறகு உள்ளேயே எரியும், அப்புறம் சாம்பலை வாரிவிட்டு, ஈரத்துணியால் தளத்தைத் துடைத்துவிட்டு, செங்கல் பிடித்துவைத்த சூட்டிலேயே சுடுவார்கள். சூடு சரியா என்று பார்க்க ஒரு பிடி மாவைத் தளத்தில் வீசுவார்கள், உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும், மெல்லப் பழுப்பானால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். சூடு இறங்க இறங்க அடுத்து கேக், கடைசியில் ரஸ்க். இதெல்லாம் கூடவே நின்று கைப்பழக்கத்தில் வருவது, அதனால் பிள்ளைகளுக்குத்தான் எளிதில் போய்ச் சேர்ந்தது. நடுராத்திரியில் எழுந்து மாவு பிசைய வெளியாள் கிடைப்பதும் கஷ்டம், அது வேறு கதை.

இந்தக் கடைகளுக்கு அடி விழுந்தது இயந்திரத்தால். 1928-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது. 1961-ல் இங்கிலாந்தில் சோர்லிவுட் முறை வந்தது: அதிவேகமாகப் பிசைந்தால் சில நிமிடங்களில் மாவு தயார், மணிக்கணக்கில் புளிக்கவைக்கத் தேவையில்லை. சிறு பேக்கரிகளுக்கும் உதவட்டும் என்று யோசித்த முறைதான் அது, ஆனால் லாபம் பார்த்தவை பெரும்பாலும் பெரிய ஆலைகள்.

தாக்குப்பிடித்த குடும்பங்கள் பல, விலையில் போட்டி போடாமல், ஆலை அவசரத்தில் விட்டுவிட்ட அந்த நீண்ட புளிப்பையே பிடித்துக்கொண்டவை. மணமும் ருசியும் அதில்தான் இருக்கின்றன.