யாக்கோபு பத்திரமாய்த்தான் வந்து சேர்ந்தானா?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு எங்கள் சபையில், ஆதியாகமத்தில் அண்ணன் ஏசாவுக்குப் பயந்து ஓடிப்போன யாக்கோபு ஊர் திரும்பியதைப் பற்றிப் பிரசங்கம். சீகேமில் கூடாரம் போட்டதோடு போதகர் முடித்துவிட்டார். தேவன் அவனைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்தார் என்றார். அடுத்த அதிகாரத்திலேயே அவன் மகள் தீனாள் கெடுக்கப்படுகிறாள், ஒரு பட்டணத்து ஆண்கள் மொத்தமும் வெட்டப்படுகிறார்கள். இதுவா பத்திரம்? இன்னொன்று, யாக்கோபு தாயை மறுபடி பார்த்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதகர் சொன்னதில் தப்பில்லை. மாமன் லாபான் ஏழு நாள் துரத்தி வந்தும் கைவைக்கவில்லை. 400 பேரோடு வந்த ஏசா, ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். யாக்கோபுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பது அனுப்பிய வெகுமதியிலேயே தெரியும். 200 வெள்ளாடு, 200 செம்மறி, 30 கறவை ஒட்டகம் என்று 550 உருப்படி. கடாக்கள், காளைகள், கழுதைகள் எல்லாம் இதில் அடக்கம், ஒட்டகக் குட்டிகள் தனி. அதையும் மந்தைக்கு மந்தை இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னான். ஒவ்வொரு மந்தையாக வந்து சேரச் சேர அண்ணன் கோபம் தணியட்டும் என்ற கணக்கு. ஆள் கெட்டிக்காரன்!

என் நெருடல் அதற்கப்புறம்தான். ஊரைவிட்டு ஓடும் வழியில் பெத்தேலில் அவன் தேவனிடம் பண்ணின பொருத்தனை (நேர்ச்சை), தகப்பன் வீட்டுக்குச் சமாதானமாய்த் திரும்புவதைப் பற்றியது. ஆனால் ஏசாவிடம் ‘பிள்ளைகள் சிறிசுகள், மெல்ல உன் ஊர் சேயீருக்கு வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு, சுக்கோத்தில் வீடு கட்டினான், ஆடுமாடுகளுக்குக் கொட்டகை போட்டான். பிறகு சீகேமில் 100 வெள்ளிக்காசுக்கு நிலம் வாங்கினான். அங்கிருந்து பெத்தேல் இரண்டு நாள் நடைதான்.

எத்தனை வருஷம் இப்படிப் போனது என்று வேதம் சொல்லவில்லை. பிள்ளைகளின் வயதைப் பார்த்தால் பிடிபடும். மகன் யோசேப்பு பிறந்தபின் லாபானிடம் ஆறு வருஷம் வேலை. ஆக, ஊர் திரும்பும் வழியில் யாப்போக்கு ஆற்றைக் கடக்கையில் யோசேப்புக்கு ஆறு வயது இருக்கும், தீனாளும் சிறுமிதான். 34-ஆம் அதிகாரத்திலோ அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். நடுவில் நல்ல சில வருஷங்கள் ஓடியிருக்க வேண்டும். தீனாளுக்கு நடந்தது அவளைக் கெடுத்த சீகேம் ஊர் வாலிபன் செய்த குற்றம், அதை யாக்கோபின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அவளைப் போட்டு வளர்த்த இடம் அவன் தேர்ந்தெடுத்தது. ‘எழுந்து பெத்தேலுக்குப் போ’ என்று தேவன் சொன்ன பிறகே கிளம்புகிறான்.

தாயைப் பற்றிக் கேட்டீர்கள். ‘சிலநாள்’ லாபானிடம் போய் இரு என்று அனுப்பினவள் அந்தத் தாய் ரெபெக்காள்தான். லாபானிடமே 20 வருஷம் போய்விட்டது. அவளைப் பார்த்ததாக வசனம் எதுவும் இல்லை. அவளுடைய தாதி தெபொராள் பெத்தேலருகே இறந்தது எழுதப்பட்டிருக்கிறது. ரெபெக்காள் அடக்கமானது மட்டும் பிற்பாடு, சாகப்போகிற யாக்கோபின் வாயால் வருகிறது. தகப்பன் ஈசாக்கை எபிரோனில் உயிரோடு பார்த்தான். அவர் 180 வயதில் இறந்தபோது ஏசாவும் அவனுமாகத்தான் அடக்கம்பண்ணினார்கள்.