சிவப்புத் திரையும் கட்டாய ஆன்ட்டிவைரஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தினமும் லேப்டாப்பில் செய்தி படிப்பது வழக்கம். சென்ற வாரம் ஒரு தளத்தில் எதையோ தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகி, ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ், அணைக்காதீர்கள், உடனே மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று வந்தது. கூடவே காதைக் கிழிக்கும் பீப் சத்தம். பதற்றத்தில் பேசிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ஆப்) போடச் சொன்னார். உள்ளே வந்து, சிவப்பும் மஞ்சளுமாக நீண்ட பட்டியல் ஒன்றைக் காட்டி, இத்தனை கோளாறு இருக்கிறது, சரிசெய்ய 4,999 ரூபாய் என்றார். சந்தேகம் வந்து கட் செய்துவிட்டேன். பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து திரையின் மூலையில் ‘ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று வந்துகொண்டே இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பணம் கேட்டதும் கட் செய்தீர்கள் பாருங்கள், அது பெரிய காரியம். பலர் அந்த இடத்தில்தான் கார்டை எடுக்கிறார்கள்.

ஐயா, அந்தச் சிவப்புத் திரை உங்கள் கம்ப்யூட்டர் காட்டியதே இல்லை. பிரவுசரில் திறந்த ஒரு சாதாரண வலைப்பக்கம், முழுத்திரையாக விரிந்து விண்டோஸ் போல வேஷம் போட்டிருக்கிறது. பீப் சத்தமும் அந்தப் பக்கத்தோடு வரும் ஆடியோதான். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவி வைரஸ்களை எண்ணிச் சொல்ல முடியாது. இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. திரையில் நம்பர் இருந்தால் அது போலி. இந்த ஒரு அடையாளம் போதும்.

அவர் காட்டிய பட்டியலின் பெயர் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் அன்றாட நிகழ்வுகளைத் தானே குறித்துவைக்கும் இடம் அது. நேற்று வாங்கிய புது லேப்டாப்பில் திறந்தாலும் சிவப்புக் குறிகளும் மஞ்சள் குறிகளும் இருக்கும். பிரிண்டர் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னால்கூட அங்கே ஒரு வரி விழும். அதைக் காட்டித்தான் இவர்கள் வயிற்றைக் கலக்குகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. நெட்டைத் துண்டித்துவிட்டு, செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து எனிடெஸ்க்கை நீக்குங்கள். அன்றைய தேதியில் வேறு ஏதாவது புதிதாக ஏறியிருந்தால் அதையும் நீக்குங்கள். டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற இன்னொரு தொலைக்கட்டுப்பாட்டு ஆப்பைப் பின்வாசலாக விட்டுப்போவது உண்டு. அப்புறம் போனிலிருந்து (அந்த லேப்டாப்பிலிருந்து அல்ல) மெயில், நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். நெட்டை மீண்டும் இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபுல் ஸ்கேன்’ ஓடவிடுங்கள். அந்த ஆள் நீண்ட நேரம் உள்ளே இருந்திருந்தால், முக்கியமான ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நிம்மதி.

மூலையில் வரும் தகவலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?’ என்று கேட்டபோது ‘அலோ’ அழுத்தியிருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பெயரே புரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். அதோடு மூலை அமைதியாகிவிடும்.

மறுபடி சிவப்புத் திரை வந்தால் எஸ்கேப் பட்டனை சில விநாடி விடாமல் அழுத்துங்கள். முழுத்திரை சுருங்கியதும் பக்கத்தை மூடலாம். மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். திரும்பத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்கும். வேண்டாம்.

சட்டம் இதைப் பற்றிப் பேசவே செய்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆன்லைனில் ஏமாற்றும் 13 உத்திகளைத் தடைசெய்தன. வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் போலி மென்பொருளை விற்பது அதில் ஒன்று. எங்கோ உட்கார்ந்து மிரட்டுகிறவனை அந்த விதி எட்டிப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்த போன் நம்பரை தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவுசெய்து வையுங்கள்.

பணம் போயிருந்தால் கதை வேறு. முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன், அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை என்ற நிலையில், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் அது நம் கவனக்குறைவு. புகார் செய்யும்வரை போனது நம் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கியின் தலையில். அதனால்தான் ‘மகன் வரட்டும், கேட்டுக்கொண்டு புகார் செய்யலாம்’ என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்ந்ததால் லேப்டாப் வாங்கினோம். ‘ஆன்ட்டிவைரஸ் போட்டால்தான் வாரண்டி செல்லும்’ என்று 3 வருட பேக் ஒன்றை பில்லில் சேர்த்தார்கள். வேண்டாம் என்றால் லேப்டாப்பே கிடையாது என்பது போலப் பேசினார்கள். எம்.எஸ். ஆபீஸ் மட்டும் ஃப்ரீயாகப் போட்டுத் தந்தார்கள். இதெல்லாம் சரியா?
– பனியன் கம்பெனி கணக்காளர், திருப்பூர்

பதில்: சரியில்லை. லேப்டாப் வாரண்டிக்கும் ஆன்ட்டிவைரஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்ற வகையில் வருகிறது. பேக்கைப் பிரிக்காமல், கீ நம்பரைச் சுரண்டாமல் வைத்திருந்தால் பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவுசெய்யுங்கள். அந்தப் புகார் எண்ணைச் சொல்லிப் பேசும்போது கடைக்காரரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

வீட்டு உபயோகத்துக்குக் காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்ட்டிவைரஸ் கூடவே வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில் அது பல ஆண்டுகளாகவே முன்வரிசையில் இருக்கிறது. வேறு ஆன்ட்டிவைரஸ் ஏறினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கியதும் தானாக வேலைக்குத் திரும்பும். கம்பெனிக்காரர்கள் ஏற்றி அனுப்பும் 30 நாள் ட்ரையல் முடிந்தபிறகும் அப்படியே விட்டுவைப்பதுதான் தப்பு. அது காவலும் காக்காது, ‘ரினியூ செய்’ என்று நச்சரிக்கும்.

இலவச ஆன்ட்டிவைரஸ் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அவாஸ்ட் நிறுவனம், தன்னிடம் இருந்த பயனர்களின் இணைய நடமாட்டத் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 1.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டிஃபெண்டர் இருக்க, அது எதற்கு?

பேக்கைப் பயன்படுத்தியாயிற்று, கார்டு விவரமும் கொடுத்தாயிற்று என்றால் ஒரு விஷயம். மூன்று வருடம் கழித்துத் தானாகப் பணம் எடுக்க இப்போதே அனுமதி வாங்கியிருப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும். அதிலேயே நிறுத்தவும் வழி இருக்கும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். ஓ.டி.பி. கேட்காமலே 15,000 ரூபாய் வரை எடுக்கலாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்த ‘ஃப்ரீ ஆபீஸ்’. ஆக்டிவேட்டர் என்று ஒரு திருட்டுக் கருவியை ஓட்டித்தான் அதைப் போடுவார்கள். அதை ஓட்டுவதற்கு டிஃபெண்டரை அணைப்பார்கள், அல்லது அதைக் கண்டுகொள்ளாதே என்று விதிவிலக்கு எழுதி வைப்பார்கள். ஒரு கையால் ஆன்ட்டிவைரஸ் விற்று, மறு கையால் கதவைத் திறந்து விடுகிற வேலை. அதை நீக்கிவிட்டு இலவசமாகவே கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் பெட்டியிலேயே அசல் ஆபீஸ் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்களுக்கான மாடல்கள் பலவற்றில் இருக்கும்.

கேள்வி: 2016-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10 செத்துவிட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். நன்றாகத்தான் ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக.
– குடும்பத்தலைவி, நாகர்கோவில்

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் லேப்டாப் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நெட் பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டரில் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் நீட்டிப்பு ஒன்று இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்லவில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவுசெய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசு இல்லை.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்கள் 2016 மாடல் அதற்குள் வராது. (2018-க்குப் பிறகு வாங்கிய கம்ப்யூட்டருக்கும் ‘தகுதியில்லை’ என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். பல மெஷின்களில் அந்த வசதி உள்ளே இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்து வைத்திருப்பார்கள்.)

உங்கள் வேலை மெயில், யூடியூப், பில் கட்டுவது இவ்வளவுதான் என்றால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றச் சொல்லுங்கள். அது இலவசம். மெதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க்தான். டேலி, அரசுத் தேர்வு ஃபார்ம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸை விட முடியாத வேலை இருந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் ‘நான் ரோபோ இல்லை’ என்று டிக் செய்தேன். அடுத்து, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று வந்தது. செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் என் இன்ஸ்டாகிராம் கணக்கு என் கையில் இல்லை.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஒன்றும் நடக்காதது போல இருப்பதுதான் அதன் வேலையே. டிக் செய்தபோதே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் காப்பி செய்துவிட்டார்கள். அடுத்த மூன்று படியில் நீங்களே அதை விண்டோஸின் ‘ரன்’ பெட்டியில் ஒட்டி இயக்கினீர்கள். அது இறக்கிய புரோகிராம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், கணக்குகளில் நுழைந்திருப்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ தேவைப்படாது.

எனவே பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. வேறொரு போனிலிருந்து, முதலில் மெயிலில், பிறகு மற்ற கணக்குகளில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். லேப்டாப்பை முழுதாக ஃபார்மேட் செய்யும்வரை அதில் எதிலும் லாகின் செய்ய வேண்டாம். இன்ஸ்டாகிராமுக்கு அதன் மீட்புப் பக்கத்தில் செல்ஃபி வீடியோ கேட்கும். உங்கள் முகம் தெரியும் படங்கள் கணக்கில் இருந்தால் வாய்ப்புண்டு. காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் சிக்காதீர்கள், அது அடுத்த மோசடி.

கேள்வி: மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமாமே? எனக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.
– தபால் துறை ஓய்வூதியர், சேலம்

பதில்: வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்லாதீர்கள் என்று கூறிவிட்டது. மாதாமாதம் மாற்றுகிறவர்கள் கடைசி எண்ணை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள், வேறென்ன? ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக, நீளமாக வையுங்கள். மெயிலுக்கும் வங்கிக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடவே கூடாது. ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தால் தப்பில்லை. வெளிநாட்டில் இருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க மாட்டான். பிள்ளைகளுக்கு, எல்லா பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப்பைப் பழக்கிவிடுங்கள்.

கேள்வி: நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் என் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனார். மாற்ற வேண்டுமா?
– சென்னை, கொளத்தூர்

பதில்: கட்டாயம். அதைவிட முக்கியம், ரவுட்டருக்கு உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, வேறு. ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. பிரவுசரில் அதை அடித்து, ஸ்டிக்கரில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், இரண்டையும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும். வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டன் அல்லது பின் எண் மூலம் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதி இருந்தால் அணையுங்கள். ரவுட்டர் உங்களை உள்ளே விடவில்லை என்றால் கனெக்‌ஷன் கொடுத்தவருக்கே போன் செய்து, எதிரில் உட்காரவைத்து மாற்றச் சொல்லுங்கள். புது பாஸ்வேர்டை அடிப்பது மட்டும் நீங்களாக இருங்கள்.