வண்டியே வீடாக: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு டிராவலர் வண்டியை வீடாக மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் அதிலேயே வாழ்ந்ததைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதியதை என் கணவர் ஒரு வரி விடாமல் படித்தார். எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. மகன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான். நம் இரண்டு பேருக்கு மூன்று அறை வீடு எதற்கு, விற்றுவிட்டு ஒரு கேரவன் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்கிறார்.

எனக்கும் ஊர் பார்க்க ஆசைதான். ஆனால் எனக்கு முழங்கால் வலி. ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்து போக வேண்டும். உங்கள் கட்டுரைகளில் ஜவ்வாது மலைப் பனி வருகிறது, ஏலகிரியின் காலை வருகிறது. கழிவறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கே குளித்தீர்கள்? மே மாத வேலூர் வெயிலில் அந்தத் தகரத்துக்குள் எப்படி இருந்தீர்கள்? வீட்டை விற்பது சரியா? பயமுறுத்தவும் வேண்டாம், ஆசை காட்டவும் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். கழிவறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, "அந்த அம்மா கேட்பது நியாயம்" என்றாள். நியாயம்தான். மலையைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவன் இதையும் எழுதியிருக்க வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பதிலில் பாதி அவள் சொன்னது.

எங்கள் வண்டியில் இருப்பது கேசட் டாய்லெட். மேலே உட்காரும் பகுதி, கீழே 20 லிட்டர் பிடிக்கும் ஒரு பெட்டி. இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். அப்புறம் அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, தூக்கிக்கொண்டு போய்க் கொட்டி, கழுவி, மறுபடி பொருத்த வேண்டும். நிரம்பிய பெட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். உங்கள் முழங்காலை வைத்துக்கொண்டு அதை நீங்கள் தூக்கவே கூடாது. அது முழுக்க உங்கள் கணவரின் வேலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

தூக்குவதைவிடக் கொட்டுவதுதான் பெரிய பாடு. வெளிநாடுகளில் கேரவன் நிறுத்தும் மைதானங்களில் இதற்கென்றே தொட்டி கட்டி வைத்திருப்பார்கள். நம் பக்கத்தில் நாங்கள் சுற்றிய எந்த இடத்திலும் அப்படி ஒன்று இல்லை. ஆக, தெரிந்தவர் வீட்டு செப்டிக் டேங்க்தான் கதி. ஒருமுறை ஆற்காட்டுக்கும் கலவைக்கும் நடுவில் பெட்டி நிரம்பிவிட்டது. அந்த வழியில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இரண்டு பெட்ரோல் பங்க்குகளில் கேட்டுப் பார்த்தோம், முடியாது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாளெல்லாம் அலைந்து சாயங்காலம் சாலையோரம் டீக்கடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் என் மனைவி உள்ளதைச் சொன்னாள். பாட்டி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "பின்னாடி போய் ஊத்து, ரெண்டு பக்கெட் தண்ணி விட்டு நல்லா கழுவு" என்றார். அந்த வார்த்தைக்கு நாங்கள் பட்ட நன்றி கொஞ்சமல்ல. ஓடையோரமாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று சிலர் பிறகு சொன்னார்கள். அது பாவம், அம்மா. அந்தத் தண்ணீரில் மாடு குடிக்கும், குழந்தைகள் குதிக்கும்.

நாற்றம் போக ஊற்றும் மருந்தில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அந்த ரசாயனம் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். இடம் கொடுத்தவர் வீட்டுத் தொட்டியை நாம் கெடுத்துவிட்டு வரக்கூடாது.

ராத்திரி எழுவதைக் கேட்டிருந்தீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் உட்கார்ந்து எழ முழங்காலுக்குச் சிரமம் குறைவு. பிடித்து எழக் கைப்பிடி ஒன்று சுவரில் வைக்கச் சொல்லுங்கள். கட்டில் அமைப்பில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கப் பட்டறைக்காரர்கள் கட்டிலைக் குறுக்காகப் போடுவார்கள். உள்ளே படுத்தவர் எழ வேண்டும் என்றால் வெளியே படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரித்து, நடுவில் வழி விட்டு நீளவாக்கில் இரண்டு கட்டில்களாக மாற்றினோம். ஏறி இறங்க இரண்டு படியாவது வேண்டும். தனிப் பலகை போதாது, ஆடாமல் நிற்கும் இரும்புப் படி.

அப்புறம் வெயில். வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. அந்த நாட்களில் பகல் 11 மணியில் இருந்து 5 மணி வரை நாங்கள் வண்டிக்குள் இருந்ததே இல்லை. கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தோம், தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவில் வெப்பம் தடுக்கும் ஃபோம் வைத்தோம், மேலே காற்றை வெளியே இழுக்கும் ஒரு ஃபேன் பொருத்தினோம். எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இருக்கும் சூட்டுக்கு இறக்கும். அதற்குக் கீழே இறக்காது.

ஏசி போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் கணவர் சொல்வார். கணக்கு இதுதான். 12 வோல்ட், 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் சுமார் 2.4 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏசி உச்சத்தில் ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட் தின்னும். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி நின்றுவிடும். 400 வாட் சோலார் தகடு நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கொடுக்கும். ஏசிக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் 30 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினாலும் 0.3 யூனிட்தான். ஃபேனை நம்பி வாழலாம். ஏசியை நம்பினால் பிளக் போட யாராவது இடம் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, வண்டி கட்டுகிறவர்கள் சொல்வதில்லை. மர நிழலில் நிறுத்தினால் கூரைமேல் இருக்கும் சோலாருக்கு வெயில் இல்லை. வெயிலில் நிறுத்தினால் நமக்கு உயிர் இல்லை. நாங்கள் ஒரு தகட்டைக் கழற்றி, நீளமான ஒயரோடு தனியாக வெயிலில் சாய்த்து வைக்கப் பழகிக்கொண்டோம். மரத்திலும் பார்த்து நிறுத்த வேண்டும். தென்னைக்குக் கீழே எந்தக் காலத்திலும் கூடாது. மாமரத்தில் எறும்பு இறங்கும், பால் சொட்டிப் பெயிண்டில் கறை பிடிக்கும். வேப்பமரம்தான் நல்லது.

தண்ணீருக்கு 150 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு மூன்றே முக்கால் நாள். குளியல் ஒரு பக்கெட். ஆனால் கழனிப் பக்கம் நின்ற நாட்களில் பம்ப்செட்டில் ஆசை தீரக் குளித்தோம். குடிக்க மட்டும் தனிக் கேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய விஷயம். பாலாற்றோரம் நிறுத்தினால் தண்ணீர் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நமக்குத் தெரியும்.

கேஸ் பற்றிச் சுருக்கமாக. வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்ற வேண்டாம். கடையில் விற்கும் 5 கிலோ சிலிண்டர் போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில், வண்டிக்கு வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார். அதை உணர்ந்து அலறும் கருவி ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

காகித வேலை அலுப்பானது, ஆனால் தவிர்க்க முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை நாமாக மாற்றக் கூடாது என்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போங்கள். நாங்கள் பழைய மஞ்சள் போர்டு வண்டியை வாங்கி, வேலையைத் தொடங்கிவிட்டு அப்புறம் காகிதத்தைத் தேடினோம். வண்டி ஐந்து மாதம் பட்டறையிலேயே நின்றது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் விபத்து நாளில் கையை விரிக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும்.

இதெல்லாம் எப்படியாவது சமாளிக்கக் கூடியவை. எங்களை உண்மையில் களைக்க வைத்தது ஒரே கேள்விதான். தினமும் மூன்று மணி ஆனால் வரும். இன்றைக்கு ராத்திரி எங்கே?

முதல் ஆறு மாதம் நாங்கள் இடங்களைத் தேடினோம். பங்க், டோல்கேட் பக்கம், தாபா வாசல். சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க லாரி போகும், வண்டி அதிரும். ஒரு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள். தப்பான ஆட்கள் இல்லை, வண்டியை நகர்த்தச் சொல்லும் காவலாளிதான். ஆனால் என் மனைவி அதற்குப் பிறகு தூங்க மாட்டாள்.

அப்போதுதான் ஆரணிப் பக்கம் ஒரு கழனியில் வாத்துக்காரர்களைப் பார்த்தோம். அறுவடை முடிந்த கழனியில் சிந்திய நெல்லை மேய வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்களே, அவர்கள். வரப்போரம் ஒரு கூடாரம், சுற்றி வலை, உள்ளே சில நூறு வாத்துகள். வருடத்தில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பம் இப்படித்தான் வாழ்கிறது. நாங்கள் அரை கிலோமீட்டர் தள்ளி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றிருந்தோம். அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. எந்த ஊரில் எப்போது அறுவடை, எந்தக் கழனிக்காரர் விடுவார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெரியவருக்கு மனப்பாடம். அவருடைய அப்பா காலத்தில் இருந்து அதே கழனிகளுக்கு வருகிறார்கள். விடிகாலையில் பொறுக்கிய முட்டையில் கொஞ்சம் கழனிக்காரர் வீட்டுக்குப் போகிறது. வெறும் துணிக் கூடாரம்தான். ஆனால் அடுத்த ஊரில் அவர்களை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார். எங்களிடம் ஃபிரிட்ஜ் வைத்த வண்டி இருந்தது, எதிர்பார்க்க யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வாழும் முறையை மாற்றினோம். புது இடம் தேடுவதை விட்டுவிட்டு மனிதர்களைத் தேடினோம். அணைக்கட்டுப் பக்கம் என் மச்சானின் தோப்பு, ஜமுனாமரத்தூரில் பலா வாங்கப் போய்ப் பழக்கமான ஒரு குடும்பம், ஏலகிரியில் ஒரு விவசாயி, திருப்பத்தூரில் பழைய நண்பர் ஒருவர். நான்கு இடம். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நாள். போகும்போது வெறுங்கையோடு போக மாட்டோம். அவர்கள் வீட்டு வேலையில் கை கொடுப்போம், ஊருக்கு மருந்து வாங்க வேண்டும் என்றால் வண்டி போகும். தண்ணீர், நிழல், கழிவு, பாதுகாப்பு நான்கும் அங்கே தீர்ந்தன. மீதி ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தோம் என்றால் அந்த நான்கு வீடுகளால்தான்.

அதனால் உங்கள் கணவரிடம் நான் வேண்டிக் கேட்பது இது. வண்டி கட்டப் பட்டறைக்குப் போகும் முன், நீங்கள் போய் நின்றால் மகிழ்ச்சியோடு இடம் கொடுக்கும் நான்கைந்து பேரைக் காகிதத்தில் எழுதட்டும். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்த உங்களுக்கு அந்தப் பட்டியல் அவரைவிட நீளமாக இருக்கலாம். உங்களிடம் படித்த பிள்ளைகள் எத்தனை ஊரில் இருப்பார்கள்!

வீட்டை விற்க வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பென்ஷன், வங்கி எல்லாம் ஒரு கதவு எண்ணைத்தான் கேட்கும். அதைவிட முக்கியம், ஒருநாள் உங்கள் முழங்கால் போதும் என்று சொன்னால் திரும்ப ஓர் இடம் வேண்டும். இரண்டு அறைகளை வாடகைக்கு விடுங்கள். ஓர் அறையையும் ஒரு குளியலறையையும் பூட்டி உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை டீசலுக்கு ஆகும். என் மனைவி இதை இன்னும் அழுத்தமாக எழுதச் சொல்கிறாள். எங்கள் வீடும் பூட்டித்தான் இருந்தது, என் அம்மா விழுந்த அன்று ராத்திரியே அந்தக் கதவைத் திறந்து அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். இப்போது வண்டி தோப்பில் நிற்பதும் அதனால்தான்.

இரண்டு பேரும் ஒருமுறை அணைக்கட்டுக்கு வாருங்கள். ஜனவரியில் வர வேண்டாம், அப்போது எல்லாருக்கும் வண்டி பிடித்துவிடும். மே மாதம் வாருங்கள். நான்கு நாள் எங்கள் வண்டியிலேயே தங்குங்கள். நாங்கள் தோப்பு வீட்டில் இருப்போம், கூப்பிடும் தூரம்தான். நீங்கள் ராத்திரி அந்தப் படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். நான்காம் நாள் காலையில் பெட்டியை எங்கே கொட்ட வேண்டும் என்று சாருக்கு நானே காட்டுகிறேன்.